பின்னணியில் நின்று இலக்கம் வழங்கும் பணியாள்

பெரிய வைத்தியசாலைகளின் வெளிநோயாளர் பிரிவிலே இலக்கத் துண்டு வழங்கும் எழுதுவினைஞர் ஒருவர் இருப்பார். மருத்துவம் அவர் தொழிலன்று. எனினும் அவர் ஒரே இலக்கத்தை இருவருக்கு வழங்கிவிடுவாராயின், ஒருவருடைய நோய்க் குறிப்பு மற்றவருடைய ஏட்டில் ஏறிவிடும். பிழையான மருந்தும் கொடுக்கப்படலாம். கணினிகளுக்கும் இத்தகைய எழுதுவினைஞர் ஒருவர் தேவைப்படுகின்றார்.

ஒரு வைத்தியசாலைக்கு ஒருவர் போதும். ஆனால் உலகெங்கும் பரந்துள்ள கணினிகள் யாவும் ஒரே இடத்திற் சென்று இலக்கம் கேட்டு நிற்றல் இயலாது. ஒன்றையொன்று அறியாத கணினிகள் தத்தம் இடத்திலிருந்தே இலக்கமிடவும் வேண்டும்; அவை ஒன்றோடொன்று மோதாதிருக்கவும் வேண்டும். இதற்கென அமைந்ததே யூயூஐடி எனப்படும் 128 பிட் நீளமுள்ள இலக்கம். 1980களில் அப்பலோ நிறுவனத்தின் கணினிகளிற் பயன்பட்ட முறையிலிருந்து வளர்ந்த இது, 2005இல் இணைய நியமமாக வெளியிடப்பட்டு, 2024இல் திருத்தப்பட்டது.

இவ்விலக்கத்தின் ஒரு வகை, நேரத்தையும் இடத்தையும் இணைத்து ஆக்கப்படுகின்றது. கிரகோரியன் நாட்காட்டி தொடங்கிய 1582 ஒக்டோபர் 15 முதலாகக் காலம் கணக்கிடப்படும். ஒரு செக்கன் ஒரு கோடி துளிகளாகப் பகுக்கப்படும். அத்துளியின் எண்ணோடு, கணினியின் வலையமைப்பு அட்டைக்குரிய 48 பிட் முகவரியும் சேரும். நேரம் வேறாயினும் இடம் வேறாயினும் இலக்கமும் வேறாகும்.

ஆயினும் இங்கே இரு இடர்கள் உண்டு. ஒரே கணினியில் இயங்கும் இரு செயலிகள் ஒரே துளியில் இலக்கம் ஆக்கக்கூடும். கடிகாரம் பின்னோக்கித் திருத்தப்பட்டால், சென்ற நேரம் மீண்டும் வரும். அப்பொழுது முன்னர் வழங்கிய இலக்கமே மறுபடி பிறக்கலாம்.

இவ்விடர்களைத் தீர்க்கவே லினக்ஸ் கணினிகளில் யூயூஐடிடி என்னும் சேவை பின்னணியில் இயங்குகின்றது. செயலிகள் தாமே இலக்கம் ஆக்காது இதனிடம் கேட்கின்றன. இறுதியாக வழங்கிய நேரத்தை இது ஒரு கோப்பிற் குறித்து வைக்கும். அதே துளியில் மற்றொருவர் கேட்டால் அடுத்த துளியைக் கொடுக்கும். கடிகாரம் பின்சென்றிருப்பின், இலக்கத்திலுள்ள 14 பிட் வரிசைப் பகுதியை மாற்றிவிடும். பல இலக்கங்களை ஒருங்கே கேட்டுப் பெறவும் இயலும். அக்கோப்பிலே கண்டவரெல்லாம் எழுதலாகாது என்பதனால், இச்சேவைக்குத் தனிப் பயனர் கணக்கொன்றை ஒதுக்குவது வழக்கம்.

இச்சேவை இயங்காவிடினும் இலக்கம் கிடைக்கும். பிழைச் செய்தி எதுவும் தோன்றாமலும் போகலாம். ஆபத்து அங்கேதான் இருக்கின்றது. இதனை உணர்ந்தே, இலக்கம் பாதுகாப்பான முறையில் ஆக்கப்பட்டதா அன்றா என்பதைத் தெரிவிக்கும் கட்டளையும் நிரல் நூலகத்திலே வைக்கப்பட்டுள்ளது. அதனைக் கேட்டறிவது நிரல் எழுதுவோரின் கடமையாகும்.

முகவரியைத் தாங்கும் இலக்கம் தன் பிறப்பிடத்தையும் காட்டிக்கொடுக்கும். 1999இல் மெலிசா என்னும் நச்சுநிரல் பரவியபோது, ஆவணத்திற் பதிந்திருந்த இத்தகைய இலக்கம் புலனாய்வாளருக்குத் தடயமாயிற்று. அந்தரங்கம் பேண விரும்புவோர் 122 பிட்டுகளை எழுமாறாகத் தெரியும் வேறொரு வகையைக் கையாளுகின்றனர்.

எவ்வகையைக் கையாளினும், வழங்கிய இலக்கத்தை மீண்டும் வழங்காமையே இப்பணியின் அறம். எழுதுவினைஞரின் விழிப்பை எவரும் பாராட்டுவதில்லை. அவர் அயர்ந்தாலோ, துன்புறுபவர் துண்டைப் பெற்றுச் சென்றவரே.