வாயிலை மறித்த அமைதி

போரைத் தொடங்குவோர் சிலர். அதன் துயரைச் சுமப்போர் பலர். அவ்வாறு சுமப்போருள் பெண்கள் முதன்மையானவர்கள். ஆயினும், அமைதிப் பேச்சு நிகழும் அவையில் அவர்களுக்கு இருக்கை கிடைப்பது அரிது. இந்நிலையை மாற்றுமாறு உலக நாடுகளை வலியுறுத்தி, ஐக்கிய நாடுகளின் பாதுகாப்பு அவை 2000ஆம் ஆண்டு 1325ஆம் தீர்மானத்தை நிறைவேற்றியது.

இதன் தேவையை உணர்த்துவது மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவின் வரலாறு. அங்கு 1989இல் மூண்ட உள்நாட்டுப் போர், இடையில் சிறிது ஓய்ந்து, மீண்டும் எழுந்து 2003 வரை நீண்டது. அவ்வாண்டில் லேமா குபோவீ தலைமையில் கிறித்தவப் பெண்களும் இசுலாமியப் பெண்களும் ஒன்றுதிரண்டனர். வெண்ணிற ஆடை அணிந்து, தலைநகர் மன்ரோவியாவின் மீன்சந்தை அருகே வெயிலிலும் மழையிலும் அமர்ந்து அறவழியில் போராடினர்.

கானா நாட்டின் அக்ரா நகரில் நடந்த பேச்சு வாரக்கணக்கில் இழுபட்டது. பேராளர்கள் அங்குப் பாதுகாப்பாக இருக்க, மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்தன. பெண்கள் பேச்சரங்கின் வாயிலை மறித்துத் தரையில் அமர்ந்தனர். தீர்வு காணாமல் எவரையும் வெளியேற விடோம் என்றனர். அதன்பின் பேச்சு விரைவுற்றது. ஆகஸ்டு 18இல் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று.

அப்பெண்கள் அத்துடன் ஓயவில்லை; பெண்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்யவும் துணைநின்றனர். 2005ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற எலன் ஜான்சன் சர்லீஃப், ஆப்பிரிக்காவில் மக்கள் தேர்ந்தெடுத்த முதல் பெண் குடியரசுத் தலைவரானார். 2011இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பெற்ற மூவருள் இவ்விருவரும் அடங்குவர். வாயிலில் அமர்ந்து பெற்ற அமைதியை, அவையில் அமர்ந்து காப்பதே அரசியல் பங்கேற்பு.