பிரிட்ஜ் ஏலத்தில் கையைச் சொல்லும் முறை

ஐம்பத்திரண்டு சீட்டுகளிலிருந்து ஒருவருக்குப் பதின்மூன்று சீட்டுகள் விழக்கூடிய வகைகள் 63,501 கோடிக்கும் அதிகம். ஆனால் கான்ட்ராக்ட் பிரிட்ஜ் ஆட்டத்தில் தம் கையை எதிரே அமர்ந்திருக்கும் கூட்டாளிக்குத் தெரிவிக்க ஒருவருக்கு வாய்ப்பவை 35 ஏலங்களும் 'பாஸ்', 'டபுள்', 'ரீடபுள்' என்னும் மூன்று சொற்களும் மட்டுமே. நால்வரும் ஆளுக்கொரு சீட்டு இறக்க, வென்ற சீட்டுக்குரியவர் நான்கையும் எடுத்துக்கொள்வது ஒரு பிடி. ஆறு பிடிகளுக்கு மேல் இன்னும் எத்தனை பிடிகளை, எந்த இனத்தைத் துருப்பாக வைத்து எடுப்போம் என்று அறிவிப்பதே ஏலம். ஒன்று முதல் ஏழு வரையிலான எண்களும், கிளாவர், டைமன், ஹார்ட், ஸ்பேட், துருப்பே இல்லாத 'நோ டிரம்ப்' என்னும் ஏறுவரிசையும் சேர்ந்து அந்த 35 ஏலங்களைத் தருகின்றன. 1925இல் அமெரிக்கரான ஹெரால்டு வாண்டர்பில்ட் பழைய ஆட்டத்தின் மதிப்பெண் முறையைத் திருத்தி, கேட்டு எடுத்த பிடிகளே 'கேம்' என்னும் வெற்றிக்குக் கணக்காகும் என வகுத்ததால், துணிந்து கேட்பதற்குக் கூட்டாளியின் கையை அறிவது இன்றியமையாததாயிற்று.

கையின் வலிமையை அளக்க ஏஸுக்கு 4, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்குக்கு 1 எனப் புள்ளியிடுவது மில்டன் வொர்க்கின் பெயரால் அறியப்படும் முறை. சார்லஸ் கோரன் தம் நூல்களால் அதைப் பரவலாக்கினார். மொத்தம் 40 புள்ளிகளுள் இருவரிடமும் சேர்ந்து 25 அளவில் இருந்தால் கேம் கேட்கலாம் என்பது பொதுவான கணிப்பு. எனினும் புள்ளி பாதிக் கணக்குதான்; எந்த இனம் எத்தனை சீட்டு என்னும் அமைப்பு மீதிப் பாதி, புதியவர்கள் பெரும்பாலும் மறப்பதும் அதையே.

எல்லா ஏலமும் ஒரே அளவு செய்தியைத் தருவதில்லை. பரவலான முறையில் 'ஒரு ஹார்ட்' என்று தொடங்குபவரிடம் ஐந்து ஹார்ட் சீட்டுகளும் 12 முதல் 21 வரை எத்தனை புள்ளிகளும் இருக்கலாம் என்பதால், அவர் பெரும்பாலும் அடுத்த சுற்றிலும் பேச வேண்டியிருக்கும். 'ஒரு நோ டிரம்ப்' அப்படியன்று: 15 முதல் 17 வரை புள்ளிகள், சமமாகப் பிரிந்த இனங்கள் என்று மேல் எல்லையையும் கீழ் எல்லையையும் ஒரே மூச்சில் கூறிவிடுகிறது. ஸ்பேடில் ராஜா, ராணி, 4. ஹார்ட்டில் ஏஸ், ஜாக், 7, 3. டைமனில் ராஜா, 8, 2. கிளாவரில் ராணி, ஜாக், 5 என 16 புள்ளிகள் உள்ளவர் அவ்வாறு தொடங்குகிறார் எனக் கொள்வோம். பத்துப் புள்ளிகளும் நான்கு ஹார்ட்களும் வைத்திருக்கும் கூட்டாளி கேமுக்குக் குறைவில்லை என்பதை அப்போதே அறிந்து, 'இரண்டு கிளாவர்' என்கிறார். கிளாவர் இனத்தோடு சிறிதும் தொடர்பில்லாத இந்த ஏலம், ஸ்பேடிலோ ஹார்ட்டிலோ நான்கு சீட்டுகள் உண்டா என்று வினவுவது. சாமுவேல் ஸ்டேமன் 1945இல் எழுதி வெளியிட்டதால் அவர் பெயரே அதற்கு நிலைத்தது. 'இரண்டு ஹார்ட்' என்று விடை வந்ததும் கூட்டாளி 'நான்கு ஹார்ட்' என்று முடிக்க, தொடங்கியவர் பாஸ் சொல்கிறார்.

அந்தப் பாஸில்தான் ஆட்டக்காரரின் தேர்ச்சி தெரியும். எல்லையைச் சொல்லிவிட்டவர் முடிவைக் கூட்டாளியிடம் விட்டுவிட வேண்டும். கூட்டுத்தொகை அவருக்குத்தான் தெரியும். ஏழு ஸ்பேட்களும் மிகக் குறைந்த புள்ளிகளும் கொண்டு, எதிரணியின் பேச்சுக்கு இடத்தைக் குறைப்பதற்காக 'மூன்று ஸ்பேட்' என்று தொடங்கியவர், நீண்ட இனத்தின் கவர்ச்சியில் தாமாகவே 'நான்கு' என்று ஏறினால் சொன்னதையே இருமுறை சொன்னவராகிறார். கூட்டாளியோ இல்லாத வலிமையை இருப்பதாகக் கணக்கிடுகிறார்.

கையைச் சொல்ல அனுமதிக்கப்பட்ட வழி ஏலம் ஒன்றே; குரலின் அழுத்தமும் நீண்ட தயக்கமும் கூட்டாளி பயன்படுத்தக் கூடாத செய்திகள் என்று சட்டம் வரையறுக்கிறது. போட்டிகளில் வாயால் கூறாமல் அட்டைகளை எடுத்து வைப்பதும், 1975 உலகப் போட்டியிலிருந்து கூட்டாளிகளுக்கிடையே மறைப்புத் தட்டி நிறுத்தப்பட்டதும் இதனாலேயே. மேலும், இரு கூட்டாளிகளுக்குள் இரகசிய உடன்பாடு கூடாது: ஏலத்தின் பொருளை எதிரணி கேட்கலாம், தட்டி இல்லாத மேசையில் விடையளிக்க வேண்டியவர் ஏலம் கேட்டவரல்லர், அவருடைய கூட்டாளி. அவர் தவறாக விளக்கினாலும் ஏலம் கேட்டவர் முகத்தில்கூட அதைக் காட்டாமல் ஏலத்தை முடித்து, தம் அணியே ஏலத்தை எடுத்திருந்தால் முதல் சீட்டு விழுவதற்கு முன்னும், எதிரணி எடுத்திருந்தால் ஆட்டம் முடிந்த பின்னும் திருத்திச் சொல்ல வேண்டும்.