ஒப்டோமெட்ரி படிக்கப் போகுமுன் கண்ணாடிக் கடையில் ஒரு மாதம்

உயர்தரப் பரீட்சை முடிந்து பெறுபேறு வரும்வரையான மாதங்களில் எங்கள் பிள்ளைகளை ஆங்கில வகுப்புக்கும் கணினி வகுப்புக்கும் அனுப்புகிறோம். ஒப்டோமெட்ரி படிக்க விரும்பும் பிள்ளை அதில் ஒரு மாதத்தை ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் கழிக்கட்டும் என்று நான் சொன்னால், பெற்றோர் சிலர் விநோதமாகப் பார்க்கிறார்கள். "கடையில நிக்கவோ பிள்ளையைப் படிப்பிச்சனாங்கள்?" என்று ஓர் அம்மா நேரடியாகவே கேட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். கண் வைத்திய நிபுணர் மருத்துவம் படித்து, அதன்பின் கண் சத்திரசிகிச்சையில் பயிற்சி பெற்றவர். கடையில் சட்டத்தை முகத்துக்குப் பொருத்தி வில்லையை வெட்டிப் போடுபவர் ஒப்டீசியன். இவர்களுக்கு நடுவில் இருப்பவர் ஒப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளப்பதும், கண்ணாடிக்கான இலக்கங்களைத் தீர்மானிப்பதும், நோயின் அறிகுறி தெரிந்தால் உரிய வைத்தியரிடம் அனுப்புவதும் இவரது வேலை.

எங்கள் பகுதிகளில் இந்த வேலைக்கு எவ்வளவு தேவை இருக்கிறது என்பதைச் செய்தி சேகரிக்கப் போகும் இடங்களில் காண்கிறேன். கணவனை இழந்து தையலால் குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்கள், நாற்பது வயது கடந்ததும் ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஓடரைக் குறைத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குள் இருக்கும் வில்லை வயதோடு இறுகுவதால் கிட்டப்பார்வை மங்குவது எல்லோருக்கும் வருவது. பெரும்பாலும் ஒரு சாதாரண வாசிப்புக் கண்ணாடி போதும். உலகில் குறைந்தது 220 கோடிப் பேருக்குப் பார்வைக் குறைபாடு இருப்பதாகவும், அவர்களில் குறைந்தது 100 கோடிப் பேருடையது தடுத்திருக்கக் கூடியது அல்லது இன்னும் கவனிக்கப்படாதது என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சொன்னது. அந்தத் தையல்காரப் பெண்களும் அந்தக் கணக்கில் வருபவர்கள்தான்.

இனி பின்னறைக்கு வருவோம். அங்கே முதல் வாரம் துடைப்பதும் அடுக்குவதுமாகத்தான் போகும். போகட்டும். பரீட்சை வில்லைப் பெட்டியை அடுக்கும்போதே கூட்டல் வில்லையும் கழித்தல் வில்லையும் கைக்குப் பழகிவிடும். வில்லையைக் கண்ணுக்கு முன்னால் பிடித்து, தூரத்தில் உள்ள ஒரு கோட்டைப் பார்த்தபடி மெல்ல அசைத்துப் பாருங்கள். கோடு எதிர்த்திசையில் நகர்ந்தால் கூட்டல், கூடவே நகர்ந்தால் கழித்தல். பௌதிகவியல் பாடத்தில் படம் கீறிப் படித்த ஒளிமுறிவு அப்போதுதான் கைக்கு வரும்.

பிறகு எழுத்து அட்டை. ஆறு மீற்றரில் நின்று 6/60 வரியை மட்டும் வாசிப்பவர், சாதாரண பார்வை உள்ளவர் அறுபது மீற்றரில் காண்பதை ஆறு மீற்றரில்தான் காண்கிறார். ஒரு கண்ணை உள்ளங்கையால் அழுத்தாமல் மூடச் சொல்ல வேண்டும். அழுத்திய கண் சற்று நேரம் மங்கலாகத் தெரியும். விரல்களால் மூடினால் இடைவெளிக்குள்ளால் பார்ப்பார்கள், குறிப்பாகச் சின்னப் பிள்ளைகள்! பொறுமையாக, பயமுறுத்தாமல் வாசிக்கவைக்க உங்களால் முடிகிறதா? ஒரே கேள்வியை ஒரு நாளில் முப்பது பேரிடம் சலிக்காமல் கேட்க முடிகிறதா? நான்கு வருடப் படிப்புக்குக் காசு கட்டுமுன் தெரியவேண்டியது இதுதான்.

மாணவர் செய்யக்கூடாதவையும் உண்டு. இலக்கம் எழுதிக் கொடுப்பது, கண்ணில் துளி மருந்து விடுவது இரண்டும் அவர்களுடைய வேலையல்ல. ஆனால் கேட்கப் பழகலாம். திடீரென்று மின்னல்போல ஒளிக்கீற்றும் கரும்புள்ளிகளும் தெரிகின்றன, திரை விழுந்தது போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால், விழித்திரை கழன்றிருக்கலாம். அவர் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். இன்னொன்று எங்கள் ஆட்களுக்கே உரியது. ஷெல் துண்டு கண்ணிலோ முகத்திலோ இருப்பவர்கள் எம்.ஆர்.ஐ எடுக்குமுன் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காந்தப்புலத்தில் உலோகத் துண்டு அசைந்து, இருக்கிற பார்வையையும் கெடுத்துவிடலாம். பலர் அதைப் பழைய காயம் என்று சொல்லாமல் விடுகிறார்கள். "முந்திக் கண்ணில ஏதும் பட்டதோ?" என்று மெதுவாகக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருப்பது பெரிய விடயம்.

சரி, அந்த அறைக்குள் எப்படி நுழைவது? வைத்தியர் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு தொலைபேசி அழைப்புப் போதும். மீள்குடியேறிய கிராமத்துப் பிள்ளைக்கு அது இல்லை. அதிபரிடம் ஒரு கடிதம் வாங்கி, கூட்டம் குறைந்த நேரத்தில் நேரில் போவதே நல்லது. "ஏதும் உதவி செய்யுங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் பதில் வராது. "சேர், இரண்டு கிழமை, காலையில மூன்று மணித்தியாலம் பக்கத்தில நிண்டு பாக்க விடுவியளோ?" என்று கேட்டால் மறுப்பது கஷ்டம். அரச வைத்தியசாலைக் கண் கிளினிக் என்றால் பணிப்பாளருக்கு எழுத்தில் விண்ணப்பியுங்கள். லயன்ஸ் கழகங்கள் நடத்தும் கண் முகாம்களில் வரிசையை ஒழுங்குபடுத்தவும் பெயர் பதியவும் ஆள் தேவைப்படும். பரிசோதனை அறை இருட்டானது, சிறியது என்பதால், பெண் பிள்ளைகள் முதல் நாள் வீட்டார் ஒருவரோடு போய் இடத்தைப் பார்த்துவருவதில் தவறில்லை.

சம்பளமில்லாத வேலையை நான் புகழவில்லை. வீட்டுச் செலவுக்கு உழைக்க வேண்டிய பிள்ளை பஸ் காசையாவது கேட்கட்டும், கேட்பதில் வெட்கமில்லை.

பார்த்ததை அன்றன்றே ஒரு கொப்பியில் எழுதுங்கள். நோயாளியின் பெயர் அதில் வரக்கூடாது. வட அமெரிக்கக் கல்லூரிகள் பல, ஒப்டோமெட்ரிஸ்ட் ஒருவரின் பரிந்துரைக் கடிதத்தையும் பக்கத்தில் நின்று பார்த்த அனுபவத்தையும் எதிர்பார்க்கின்றன. கனடாவில் இப்படிப்புக்கு இரண்டே பல்கலைக்கழகங்கள்: வாட்டர்லூவில் ஆங்கிலம், மொன்றியலில் பிரெஞ்சு. சென்னையில் சங்கர நேத்ராலயாவோடு இணைந்த எலைட் ஒப்டோமெட்ரிக் கல்லூரி 1985 இலிருந்து இயங்குகிறது. எங்கே விண்ணப்பித்தாலும், உங்களைப் பற்றி இரண்டு வரி உண்மையாக எழுதக்கூடிய ஒருவர் வேண்டும். பெறுபேறு வந்ததும் அந்தக் கடைக்கார அண்ணைக்கு ஒரு செய்தி அனுப்புங்கள். ரொறன்ரோவிலோ லண்டனிலோ இந்தத் தொழிலில் உறவினர் இருந்தால், காசு கேட்குமுன் ஒரு மணித்தியாலம் கதைக்க நேரம் கேளுங்கள். பெரும்பாலானோர் அதற்கு மறுப்பதில்லை.