பேஸ் ஒலி குறைவது ஏன்? – அலைகள் பாடத்திற்கு ஒரு வீட்டு உதாரணம்



மாசி மகத்தையொட்டி மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் ஐந்து தேர்களும் வீதிவலம் வரும் நாளை எண்ணிப் பாருங்கள். கதவு யன்னல்களை மூடிக்கொண்டு வீட்டினுள்ளே இருந்தாலும் தவிலின் ‘தொம்’ என்ற ஓசை கேட்கும். நாதஸ்வரத்தின் உயர்ந்த சுரங்களோ மங்கிவிடும். ஏன் இப்படி? இதற்கான விடையை அறிந்தால் வீட்டு ஸ்டீரியோ செற்றில் பேஸ் ஒலியைச் சீராக்கவும் உங்களால் முடியும்.

1. பேஸ் என்றால் என்ன?

மனிதச் செவிக்குக் கேட்கும் ஒலியின் மீடிறன் வீச்சு 20 ஹேட்ஸ் முதல் 20 000 ஹேட்ஸ் வரையாகும். இதில் ஏறத்தாழ 200 ஹேட்ஸிற்குக் குறைந்த, சுருதி தாழ்ந்த பகுதியையே பேஸ் என்கிறோம். பின்வரும் சமன்பாட்டை மனதிற் கொள்க.

வேகம் = மீடிறன் × அலைநீளம்

வளியில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனக் கொண்டால்,
1000 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் = 340 ÷ 1000 = 0.34 மீற்றர்
50 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் = 340 ÷ 50 = 6.8 மீற்றர்

பேஸ் அலை வீட்டு அறையை விட நீளமானது. அதனால் அது தடைகளைச் சுற்றி வளைந்து செல்கிறது. மெல்லிய சுவர்களையும் கடந்துவிடுகிறது. தவிலோசை உங்களை வந்தடைந்ததும் இவ்வாறுதான்.

2. முதலில் வயரைப் பாருங்கள்

என்னிடம் படித்த மாணவர் ஒருவரின் வீட்டில் ‘பேஸ் போதாது’ என்று புதிய சப்வூபர் ஒன்றைத் தவணை முறையில் வாங்க முடிவு செய்திருந்தார்கள். பார்த்தபோது, ஒரு ஸ்பீக்கரின் சிவப்பு, கறுப்பு வயர்கள் இடம் மாறியிருந்தன. அப்போது ஒரு ஸ்பீக்கரின் கூம்பு முன்னே வரும்போது மற்றையது பின்னே செல்லும். ஒன்று வளியை நெருக்க, மற்றையது ஐதாக்கும். அலைநீளம் கூடிய பேஸ் அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். செற்றை நிறுத்தி, வயர்களைச் சரியாகப் பொருத்தினோம். பேஸ் வந்துவிட்டது, செலவு எதுவும் இல்லை.

3. பெட்டி ஏன் தேவை?

கூம்பின் முன்பக்க அலையும் பின்பக்க அலையும் எதிரானவை. பெட்டியில்லாத ஸ்பீக்கரில் இவை இரண்டும் கலந்து பேஸ் குறையும். சிலர் ஸ்பீக்கரை மண்பானையின் வாயில் பொருத்துவதைக் கண்டிருப்பீர்கள். பானை பின்பக்க அலையைத் தடுப்பதே அதன் காரணம். எனவே பெட்டியில் வெடிப்போ இடைவெளியோ இருந்தால் அடைத்துவிடுங்கள். ஆனால், பேஸிற்கென்றே அமைக்கப்பட்ட வட்டத் துவாரம் இருப்பின் அதை அடைக்க வேண்டாம்.

4. வைக்கும் இடமும் அமரும் இடமும்

ஸ்பீக்கரைச் சுவரின் அருகே வைத்தால், சுவரில் தெறிக்கும் அலையும் சேர்ந்து பேஸ் கூடும். மூலையில் வைத்தால் மேலும் கூடும். ஆனால் பாட்டின் சொற்கள் தெளிவிழந்து ‘கும்’ என்று ஒலிக்கலாம். சிறிது சிறிதாக நகர்த்திப் பார்த்து இடத்தைத் தெரிவு செய்க.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையிலான தூரம் 3.4 மீற்றர், அதாவது ஏறத்தாழ 11 அடி என்க. லயன் அறையொன்றின் அளவும் இதற்குக் கிட்டியதே. 50 ஹேட்ஸ் அலையின் அரைப்பங்கு இந்நீளத்திற்குச் சமன். அந்த அலை இரு சுவர்களுக்கும் இடையே திரும்பத் திரும்பத் தெறிப்பதால், சுவர் ஓரத்தில் பலமாகவும் நடு அறையில் மிகக் குறைவாகவும் கேட்கும். நடுவில் அமர்ந்து ‘பேஸ் இல்லை’ என்பவர் கதிரையைச் சற்றுப் பின்னே தள்ளினாலே போதும்.

5. குமிழை முழுவதும் திருகலாமா?

கூடாது. குறைந்த மீடிறனில் கூம்பு அதிக தூரம் அசைய வேண்டும். அம்ப்ளிபயருக்கும் கூடிய வலு தேவை. எல்லையைக் கடந்தால் ஒலி திரிபடையும், ஸ்பீக்கரும் பழுதடையலாம். மேலும், உரப்பு குறையும்போது நமது செவிக்குப் பேஸ் மற்ற ஒலிகளை விடக் குறைவாகவே கேட்கும். இதனைப் பிளெட்சர், மன்சன் ஆகிய இருவரும் 1933ஆம் ஆண்டில் அளந்து காட்டினர். ஆகவே, மெதுவாகக் கேட்கும்போது பேஸ் குறைவது செற்றின் குறையன்று.

மாதிரி வினா

ஒலியின் வேகம் செக்கனுக்கு 340 மீற்றர் எனின், 85 ஹேட்ஸ் ஒலியின் அலைநீளம் யாது?
விடை: 340 ÷ 85 = 4 மீற்றர்

நினைவிற் கொள்க: உங்கள் அறையில் பேஸ் நன்றாக அமைந்தால், அது அடுத்த வீட்டுச் சுவரையும் கடந்து செல்லும். அங்கே உங்களைப் போலவே ஒருவர் பரீட்சைக்குப் படித்துக் கொண்டிருக்கலாம். கதவை மூடினால் போதாது; ஒலியைக் குறைக்கவே வேண்டும்.