பிள்ளையின் நிறம் எங்கே போனது?

ஜொகூர் பாரு - சென்ற தீபாவளிக்கு அக்காள் மகளைப் பூங்காவில் நிற்க வைத்து எடுத்த படம் வீட்டுக்கு வந்தது. பட்டுப்பாவாடை பளிச்சென்று இருந்தது. முகம்தான் அவளுடையதாக இல்லை. மாநிறப் பிள்ளை வெளுத்துப்போயிருந்தாள். கன்னத்து மச்சத்தையும் காணோம். "இது யாரு சித்தி?" என்று அவளே கேட்டாள். வயது ஐந்து.

'சாஃப்ட் ஃபோகஸ்' செய்ததாகப் படக்காரர் சொன்னார். உண்மையில் அது வேறு. தெளிவான பிம்பத்தின் மேல் மங்கலான பிம்பம் ஒன்று படிவதுதான் சாஃப்ட் ஃபோகஸ். வெளிச்சம் நிழலுக்குள் கசியும். அடியில் முகம் அப்படியே இருக்கும். முன்பு லென்ஸின் மேல் மெல்லிய காலுறைத் துணியை இழுத்துக் கட்டி இதைச் செய்தார்கள். 1815இல் கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன், 1860களில் இங்கிலாந்தில் பிள்ளைகளை இப்படி மென்மையாகப் படம் எடுத்தவர். கண்ணாடி பதித்த கோழிக்கூடுதான் அவருடைய ஸ்டுடியோ. கடைசிக் காலத்தில் இலங்கைக்குப் போய், அங்கும் படம் எடுத்து, 1879இல் அங்கேயே இறந்தார்.

இன்றைய கைப்பேசிச் செயலிகளில் பல, தோலை வழவழப்பாக்கும்போதே நிறத்தையும் ஏற்றிவிடுகின்றன. சிக்கல் அங்கேதான்.

ஆனால் பாதிக் கோளாறு படம் எடுக்கும்போதே தொடங்கிவிடுகிறது. கேமரா தன் முன் உள்ள காட்சியைச் சராசரிச் சாம்பல் நிறமாக எண்ணி வெளிச்சத்தை அளக்கும். பின்னால் வானம் பளீரென்று இருந்தால் கறுத்த முகம் இருண்டுவிடும். பிறகு கணினியில் அதைத் தூக்கினால் சாம்பல் பூத்தது போலாகிறது. கைப்பேசித் திரையில் பிள்ளையின் முகத்தைத் தொட்டு வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும்.

ஜொகூர் பாரு பூமத்திய ரேகைக்கு ஏறக்குறைய ஒன்றரைப் பாகை வடக்கே இருக்கிறது. இங்கே உச்சிவெயில் 12 மணிக்கு அல்ல, 1 மணி வாக்கில். அப்போது எடுத்தால் கண்குழியில் கருநிழல் விழும், நெற்றி வியர்வை மின்னும். மாலையில் சூரியன் செங்குத்தாக இறங்குவதால் பொன்வெயில் அரைமணி நேரம்கூட நிற்காது. தீபாவளிச் சமயத்தில் 6.50 வாக்கில் பொழுது சாய்கிறது. 6 மணிக்கே பிள்ளையை உடுத்தித் தயாராக வைக்க வேண்டும். (தலைவாரப் போராடும் அம்மாக்களுக்கு இது எளிதல்ல என்று தெரியும்.) மழைக்கு முந்திய மேகமூட்டமும் நல்ல வெளிச்சமே. மர நிழலில் எடுத்தால் முகத்தில் பச்சை படியும். நிழலின் ஓரத்துக்கு வாருங்கள். வெள்ளை மாஜோங் தாள் ஒன்றைப் பிள்ளையின் நெஞ்சுக்குக் கீழே பிடித்தால் கண்ணில் ஒளி ஏறும்.

இந்த ஓரவஞ்சனை புதிதல்ல. கோடாக் நிறுவனம் அச்சுக்கூடங்களுக்கு அனுப்பிய நிறச் சோதனை அட்டையில் பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்களின் முகம்தான் இருந்தது. கறுத்த தோலைச் சரியாகக் காட்டும் 'ரியல் டோன்' வசதியைக் கூகுள் தன் கைப்பேசியில் கொண்டுவந்ததே 2021இல்தான்.

கொசுக்கடித் தடிப்பையும் வாயோரச் சாக்லெட்டையும் எடுத்துவிடச் சொல்லலாம். நிறத்தையும் மச்சத்தையும் தொட வேண்டாம் என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள். திருத்தாத மூலப் படத்திலும் ஒரு பிரதி கேளுங்கள். நாங்கள் பிறகு கேட்டபோது அழித்துவிட்டதாகச் சொன்னார்கள்.