சிவராத்திரி முடிந்தது, குளிர் ஓடுது!
அண்ணாமலை அடிவாரத்தில் வெயில் வரும் கதை

"சிவராத்திரி முடிந்தால் குளிர் 'சிவ சிவா' என்று ஓடிவிடும்!"

இது நம் பாட்டிமார்களின் பேச்சு. திருவண்ணாமலையில் இதைச் சொல்லாத வீடு குறைவு.

மார்கழியிலும் தையிலும் கம்பளியை இழுத்துப் போர்த்துக்கொண்டு படுத்தவர்கள், மாசிக் கடைசியில் அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிடுகிறார்கள். பங்குனி பிறந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விடுகிறார்கள்!

ஒரு மாதத்துக்குள் எப்படி இந்த மாற்றம்?

பக்கத்தில் இருந்தும் குளிர்!

ஒரு வேடிக்கை உண்டு. பூமி சூரியனுக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது ஜனவரி முதல் வாரத்தில்தான். அப்போது தூரம் சுமார் 14 கோடியே 71 லட்சம் கிலோ மீட்டர். ஜூலையில் அது 15 கோடியே 21 லட்சமாகக் கூடிவிடுகிறது.

அப்படியானால் மார்கழியில் அல்லவா வெயில் கொளுத்த வேண்டும்?

தூரம் பெரிய விஷயம் அல்ல. வெயில் சாய்ந்து விழுகிறதா, நேராக விழுகிறதா என்பதுதான் விஷயம். சாய்ந்து விழுந்தால் அதே வெயில் அதிக இடத்தில் பரவுகிறது. சூடு குறைகிறது. தலைக்கு நேரே நின்றால் சூடு முழுவதும் ஒரே இடத்தில் இறங்குகிறது.

இதைத் தெரிந்துகொள்ள புத்தகம் வேண்டாம். கோவிலின் ராஜகோபுரத்தைப் பார்த்தாலே போதும்.

கோபுரத்தின் உயரம் 217 அடி. டிசம்பர் 21-ந் தேதி வாக்கில், நடுப்பகல் 12 மணிக்குச் சற்றுப் பிறகு, அதன் உச்சியின் நிழல் வடக்கே சுமார் 155 அடி தூரத்தில் விழும். மார்ச்சு 21-ல் அதே நிழல் 50 அடிக்கும் குறைவாகச் சுருங்கிவிடும். சித்திரை 9-ந் தேதி வாக்கில் நிழலே இராது! சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வந்து நிற்கும்.

அதன் பிறகு நிழல் தெற்குப் பக்கம் விழத் தொடங்கும். மீண்டும் ஆகஸ்டு 20-ந் தேதியை ஒட்டித்தான் சூரியன் தலைக்கு மேல் வரும். ஆனால் அப்போது மழை மேகம் குறுக்கே வந்து காப்பாற்றிவிடும். சித்திரையில் அந்தக் குடை கிடையாது.

மேகம் என்ற போர்வை

மேகம் பகலில் குடை. இரவில் போர்வை. பகலில் சூடான தரை, இரவில் அந்தச் சூட்டை ஆகாயத்துக்கு விடுகிறது. மேகம் இருந்தால் தடுத்து வைத்துக்கொள்ளும்.

கார்த்திகை தீபம் சமயத்தில் மழையும் மேகமுமாக இருக்கும். எனவே இரவில் அவ்வளவு குளிர் தெரியாது. வடகிழக்குப் பருவமழை விலகியதும் வானம் துடைத்துவிட்டாற்போல் ஆகிவிடுகிறது. போர்வை போய்விட்டது! சூடு தடையில்லாமல் வெளியேறுகிறது. பனி கொட்டுகிறது.

கடற்கரை ஊர்களில் கடல் காற்று குளிரையும் வெயிலையும் மட்டுப்படுத்தும். திருவண்ணாமலைக்கும் கடலுக்கும் இடையே சுமார் 100 கிலோ மீட்டர். ஆகவே குளிரும் கூடுதல், வெயிலும் கூடுதல்.

"தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்பார்கள். மாசியில் பகல் சூடாகிவிடுகிறது. இரவு மட்டும் பனி விடுவதில்லை. ஏட்டில் மாசியும் பங்குனியும் பின்பனிக் காலம் என்றுதான் இருக்கிறது. பங்குனி வெயிலில் தேரடி வீதியில் நடந்தவர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்!

மலைக்கும் இதில் பங்கு உண்டு. அண்ணாமலையின் உயரம் 2,668 அடி. மலை மேற்கே இருப்பதால் கோவிலைச் சுற்றி உள்ள வீதிகளுக்கு மாலையில் சீக்கிரமே நிழல் கிடைத்துவிடுகிறது. ஆனால் நாள் முழுவதும் காய்ந்த பாறை, பொழுது சாய்ந்த பிறகும் சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். பஞ்ச பூதத் தலங்களில் இது அக்னித் தலம் என்பது பொருத்தம்தான் என்று கோடையில் வருபவர்கள் சொல்வது உண்டு.

மாசியிலேயே வெயில்

இந்தக் கணக்கு சில ஆண்டுகளில் முந்திக்கொள்கிறது. 2025-ம் ஆண்டு பிப்ரவரி மாதம், 1901-ம் ஆண்டில் இருந்து இந்தியாவில் பதிவான பிப்ரவரி மாதங்களிலேயே அதிக வெப்பமானது என்று வானிலைத் துறை அறிவித்தது.

பத்திரிகையில் "100 டிகிரி" என்று போடுகிறார்களே, அது எங்கே அளந்தது?

வெயிலில் அல்ல, நிழலில்! காற்று புகும்படி இடுக்குகள் வைத்த வெள்ளைப் பெட்டி ஒன்று, தரையில் இருந்து சுமார் 4 அடி உயரத்தில் இருக்கும். அதற்குள் இருக்கும் வெப்பமானி காட்டுவதுதான் 100. தார் ரோட்டின் சூடு அதைவிட மிக அதிகம்.

சமவெளியில் 104 டிகிரியை எட்டி, வழக்கத்தைவிட 8 டிகிரிக்கு மேல் கூடினால் அதை "வெப்ப அலை" என்கிறார்கள். புயல், வெள்ளம் போல வெப்ப அலையையும் பேரிடராகத் தமிழக அரசு 2024-ம் ஆண்டு அறிவித்தது. வெப்ப அலையால் இறந்தவர் குடும்பத்துக்கு ரூ.4 லட்சம் நிவாரணம் உண்டு.

கிரிவலம் போகிறவர்களுக்கு

கிரிவலப் பாதை 14 கிலோ மீட்டர். பெரும்பாலோர் செருப்பு இல்லாமல் நடக்கிறார்கள். சித்ரா பவுர்ணமிக்குத் திரளும் கூட்டம் லட்சக்கணக்கில்! கைக்குழந்தையோடும், வயதான தாயாரோடும் வருகிறவர்கள் ஏராளம். பாதையை நன்கு அறிந்தவர்கள் பகலில் இறங்க மாட்டார்கள். மாலையில் புறப்பட்டு நிலா வெளிச்சத்தில் சுற்றி வருவார்கள்.

வியர்வை என்பது உடம்பு செய்யும் தந்திரம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? பானையின் மேலே கசியும் ஈரம் காயும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. உடம்பும் ஒரு பானைதான். உள்ளே தண்ணீர் குறைந்தால் கசிய என்ன இருக்கிறது? தாகம் எடுக்கட்டும் என்று காத்திராமல் குடிக்க வேண்டும். உப்புப் போட்ட நீர்மோர் மிகவும் நல்லது. போன உப்பும் திரும்பிவிடும்.

உடம்பு நெருப்பாகச் சுட்டு, பேச்சு குழறினால் ஆபத்து! உடனே நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத்துணியால் துடைத்து, விசிறி, 108-க்குச் சொல்ல வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

வயலில் என்ன கவலை?

சம்பா அறுவடை ஆன கையோடு நவரைப் பட்டம் நிற்கிறது. மாசி, பங்குனியில் இந்தப் பயிருக்கு ஏரியும் கிணறும்தான் கதி. வெயில் முந்தினால் ஏரித் தண்ணீர் ஆவியாகிப் போவதும் முந்துகிறது. கதிர் பால் பிடிக்கும்போது தண்ணீர் இல்லாவிட்டால் பதர்தான் மிஞ்சும். மானின் தாகமும் அப்படியே; மலையடிக் காட்டில் குட்டை வற்றினால் மான்கள் ரோட்டுக்கு வந்துவிடும். காய்ந்த புல்லில் ஒரு பீடி நெருப்பு விழுந்தால் மலையே பற்றிக்கொள்ளும்.

மழையும் இந்த ஊரை விட்டுவைத்ததில்லை. 2024-ம் ஆண்டு பெஞ்சல் புயலில், டிசம்பர் 1-ந் தேதி மலையடிவாரத்தில் மண் சரிந்தது. குழந்தைகள் உள்பட 7 பேர் மாண்டார்கள். மறுநாள் சாத்தனூர் அணையில் இருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரை ஊர்கள் மூழ்கின. அடுத்த மூன்றாம் மாதமே பிப்ரவரி வெயில்!

கோடையில் ஒரே ஆறுதல், கோடை மழை. பகல் முழுவதும் காய்ந்த தரையில் இருந்து சூடான காற்று மேலே எழும். கடலில் இருந்து ஈரக் காற்று வந்து சேர்ந்தால், மாலையில் கருமேகம் திரண்டு இடி இடிக்கும். அரை மணி நேரம் கொட்டும். காற்றில் மாம்பிஞ்சு உதிர்ந்தால் தோப்புக்காரர் தலையில் கை வைப்பார். பக்கத்து மேட்டு நிலக்காரருக்கோ சந்தோஷம். ஈரம் காய்வதற்குள் கோடை உழவை முடித்துவிட்டால், ஆனி, ஆடியில் மானாவாரி மணிலா விதைக்கலாம். மறுநாள் விடியும் முன்பே டிராக்டர்காரர் வீட்டு வாசலில் ஆள் நிற்கும்.