ஆமத்தூர் வெயிலில் அழகான தோட்டம் சாத்தியமா? புல்தரை போடும் முன் இதைக் கவனிங்க!

புது வீடு கட்டியதும் பலருக்கும் வரும் அடுத்த ஆசை, வாசலில் பச்சைப் பசேல்னு ஒரு தோட்டம். செல்போனைத் திறந்தால் புல்தரை, நடுவில் ஊஞ்சல், ஓரத்தில் விளக்கு என்று வீடியோக்கள் குவிகின்றன. ஊட்டி, கொடைக்கானலுக்கு அது பொருந்தும். விருதுநகருக்கும் சிவகாசிக்கும் நடுவில் இருக்கும் ஆமத்தூர் போன்ற ஊரில் அதை அப்படியே போட்டால் என்ன ஆகும்?

முதலில் தண்ணீர்க் கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் தண்ணீர் என்றால் 1 லிட்டர். கோடையில் புல் வாடாமல் இருக்க தினமும் சுமார் 5 மில்லிமீட்டர் வேண்டும். வெறும் 200 சதுர அடி புல்தரைக்கே நாளொன்றுக்கு 90 லிட்டருக்கு மேல் போகும், அதாவது ஆறு குடம். மாதத்துக்கு 180 குடம்! தாமிரபரணி கூட்டுக் குடிநீரை நம்பியிருக்கும் மாவட்டத்தில் இதை அலங்காரம் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

சரி, தண்ணியே வேண்டாம் என்று பிளாஸ்டிக் புல் விரிக்கலாமா? வெயிலில் அது மண்தரையை விட அதிகமாகச் சுடும், மதியம் வெறுங்காலோடு நிற்கவே முடியாது. தீபாவளிக்கு ஒரு பொறி விழுந்தாலும் உருகி ஓட்டையாகிவிடும். முற்றம் முழுக்க பேவர் பிளாக் பதிப்பதும் இதே கதைதான். வெப்பம் வீட்டுக்குள் திரும்பும், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காது.

அப்போ எங்கிருந்து தொடங்குவது?

நிழலில் இருந்து. வெயில் காலத்தில் வெளியே உட்கார முடியாத தோட்டம், ஜன்னல் வழியாகப் பார்க்க மட்டும்தான் உதவும். மாலை வெயில் அடிக்கும் மேற்குப் பக்கம்தான் முதலில் கவனிக்க வேண்டிய இடம். இடம் தாராளமாக இருந்தால் வேம்பு, புங்கை. புங்கை இலை உதிர்த்தாலும் கோடை உச்சத்துக்குள் புதுத் தளிர் விட்டு மூடிவிடும். அடியில் ஒரு கல் பலகை போட்டால் போதும், சாயங்காலம் வீடே அங்கேதான் இருக்கும்.

ஆனால் மரத்தைச் சுவரை ஒட்டி வைக்கக் கூடாது. இந்த மாவட்டத்தில் பரவலாக இருப்பது கரிசல் மண். மழையில் உப்பும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பக்கத்தில் பெரிய மரம் இருந்தால் அது ஈரத்தை உறிஞ்ச, மண் இன்னும் சுருங்கும். காம்பவுண்ட் சுவரும் தரையும் விரிசல் விட இதுவும் ஒரு காரணம். வீட்டில் இருந்து குறைந்தது 15 அடியாவது தள்ளி வைப்பது நல்லது.

அவ்வளவு இடம் இல்லையா? இரும்புக் குழாயில் பந்தல் அடித்து மல்லிகை, சங்குப்பூ, காகிதப்பூ என்று கொடி ஏற்றலாம். பீர்க்கை, அவரை விட்டால் நிழலோடு குழம்புக்கும் ஆச்சு. பவளமல்லி, கறிவேப்பிலை, மாதுளை சின்ன வாசலுக்கு அடங்கும். முருங்கை எளிதில் முறியும் மரம், நடைபாதைக்கு மேல் வேண்டாம்.

பூவுக்கு நித்தியகல்யாணி, இட்லிப்பூ, நந்தியாவட்டை, செம்பருத்தி எல்லாம் இந்த வெயிலைத் தாங்கும். அரளியும் தாங்கும், ஆடுகூட கடிக்காது. காரணம், அதன் எல்லாப் பாகமும் விஷம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதைத் தவிர்ப்பதே சரி.

கரிசலில் குழி தோண்டி அப்படியே நட்டால், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கி வேர் அழுகும். எடுத்த மண்ணோடு செம்மண், மணல், மக்கிய தொழு உரம் கலந்து நிரப்பி, செடியைக் கொஞ்சம் மேடாக நட வேண்டும். மண் பற்றிச் சந்தேகம் இருந்தால் அருப்புக்கோட்டையில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

'சீக்கிரம் வளரும்' என்று விற்கும் செடியிடம் உஷார்

காம்பவுண்ட் ஓரம் வேலி போல அடர்த்தியாக நிற்கும் கோனோகார்பஸ் செடியைப் பல ஊர்களில் ஆசையாக வைத்தார்கள். குஜராத் 2023-ல் அதற்குத் தடை போட்டது. தமிழக அரசும் 2025-ல் அதை வளர்க்கவும் விற்கவும் தடை விதித்தது. பல நிறங்களில் பூக்கும் உண்ணிச்செடியும் காட்டையே விழுங்கும் அந்நியச் செடிதான். சீமைக்கருவேலம் என்ன செய்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

பட்டாசு ஊருக்கென்று ஒரு கவனம்

ஈரம் காக்க செடியின் அடியில் சருகு மூடாக்கு போடுங்கள் என்பதுதான் எல்லா இடத்திலும் கிடைக்கும் ஆலோசனை. இங்கே அதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். பட்டாசு ஆலை, குடோன் கட்டடங்களைச் சுற்றி காய்ந்த புல், புதர் இருக்கக் கூடாது என்பது உரிம நிபந்தனை. அங்கே மூடாக்கு என்ற பேச்சே கிடையாது. வீடுகளிலும் காய்ந்த சருகுக்குப் பதில் மக்கிய எருவைப் பரப்பி, மேலே சரளைக்கல் போடலாம். ஈரமும் நிற்கும், பார்க்கவும் நன்றாக இருக்கும். தென்னங்கீற்றுப் பந்தலை விட பச்சைக் கொடிப் பந்தல் பாதுகாப்பு. தீபாவளிக்கு முன் மொட்டை மாடியில் கிடக்கும் சருகையும் கூட்டி அள்ளிவிட வேண்டும்.

தண்ணிக்கு என்ன வழி?

மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய பாதி வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தாலே 900 லிட்டருக்கு மேல் விழும். தமிழ்நாட்டில் 2003-லேயே மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. பல வீடுகளில் அந்தக் குழாய் இன்னும் இருக்கிறது, குழிதான் தூர்ந்து கிடக்கிறது. அதைத் தூர்வாரி, பக்கத்தில் மரத்தை வைத்தால் சேர்கிற ஈரம் வேருக்கும் கிடைக்கும்.

பாத்திரம் கழுவும் தண்ணீரை வாழைக்கும் கல்வாழைக்கும் திருப்பிவிடலாம். ஆர்.ஓ. இயந்திரம் தள்ளும் கழிவுநீரில் உப்பு அதிகம். அதைத் தினமும் தொட்டிச் செடிக்கு ஊற்றினால் இலை நுனி கருகும். தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம்.

நடுவதற்குச் சரியான நேரம் புரட்டாசி கடைசி, ஐப்பசி தொடக்கம். பருவமழையே வேர் பிடிக்க வைத்துவிடும். சித்திரையில் ஆசைப்பட்டு நடுபவர்கள் காலையும் மாலையும் குடத்தோடுதான் நிற்க வேண்டியிருக்கும்.